ஒரு முறை மட்டுமே ஒலிக்கும்

திரையில் ஒன்பது நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி என்று இருந்தது, பூங்கோதை கண்ணைச் சிமிட்டுவதற்குள் ஐம்பத்தொன்று ஆயிற்று, அதற்குக் கீழே பெரிய எழுத்தில், தேர்வின் இரண்டாம் பகுதி ஒலிவடிவில் இருக்கும், ஒரு முறை மட்டுமே ஒலிக்கும், திரும்பக் கேட்க இயலாது, குறிப்பெடுக்க விரும்புவோர் தமக்கு வழங்கப்பட்ட தாளில் எடுத்துக்கொள்ளலாம். விரும்புவோர். இந்த ஒரு வார்த்தையைப் போடாமல் இருந்திருந்தால் இவர்களுக்கு என்ன குறைந்துபோகும். எடு என்று சொன்னால் எடுத்துவிட்டுப் போவாள், எடுக்காதே என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பதினாறு வருஷம் சார்பு நீதிமன்றத்தில் ஸ்டெனோவாக இருந்தவளுக்கு உத்தரவுக்குக் கீழ்ப்படியவா தெரியாது, விருப்பத்தை அவளிடம் யார் கேட்டார்கள். மேசையில் முத்திரை குத்திய நாலு வெள்ளைத் தாள், அதன்மேல் அவர்களே கொடுத்த நீலப் பந்துமுனைப் பேனா. பென்சில் கூடாதாம். வாசலில் அவள் பையைத் துழாவிய காவலாளி ஐந்து பென்சிலையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டான், சீவி வைத்த பென்சில்கள், ஒவ்வொன்றும் அவள் விரலுக்குப் பழகியது. சுருக்கெழுத்தில் அழுத்திப் போட்ட கோடு ஒரு சத்தம், மெல்லப் போட்ட கோடு வேறொரு சத்தம், இந்தப் பேனாவோ எப்படிப் போட்டாலும் ஒரே மாதிரி போடும். சரி, அப்படியானால் எழுத வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாமே, பேனாமீது பழியைப் போட்டுவிட்டு. முடியவில்லை. கை ஏற்கெனவே பேனாவை எடுத்து மூடியைத் திறந்து வைத்திருந்தது, அவளைக் கேட்காமலே.

ஒன்பது பத்து. முதல் பகுதி நன்றாகவே போயிற்று, அதுதான் கடுப்பாக இருந்தது. அறுபது கேள்வியில் எப்படியும் ஐம்பது தேறும், ஆனால் இந்தக் கேட்கும் பகுதியில் பதினைந்துக்குப் பத்து வாங்காவிட்டால் அந்த ஐம்பதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், சட்டப் படிப்புக்கு இடமில்லை, அடுத்த வருஷம் எழுதலாம் என்றால் வயது வரம்பு தாண்டிவிடும், முப்பத்தொன்பது முடிந்து நாற்பது தொடங்க இன்னும் ஐந்து மாசம். ஆக இந்தப் பதினோரு நிமிஷப் பேச்சுதான் எல்லாம். பயிற்சி மையத்தில் மூன்று மாதிரித் தேர்வு வைத்தார்கள், மூன்றிலும் அவள் மண்ணைக் கவ்வினாள், மூன்று விதமாக. முதல் தேர்வில் ஒரு வார்த்தை விடாமல் பதினோரு பக்கம் சுருக்கெழுத்தில் எடுத்துத் தள்ளினாள், பக்கத்தில் இருந்தவர்களெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள், அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் திமிர்தான். பேச்சு முடிந்ததும் கேள்விகள் வர ஆரம்பித்தன, ஒரு கேள்விக்கு நாற்பது விநாடி, அவள் பக்கத்தைப் புரட்டுகிறாள், எங்கே இருக்கிறது அது, ஆறாவது பக்கமா, எட்டா, தான் எழுதியதை அப்போதுதான் முதன்முதலாகப் படிக்கிறாள், படிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கிறது. பதினைந்துக்கு மூன்று. இரண்டாவதில் பேனாவைத் தொடவே இல்லை, ஐந்து வந்தது, ஏனென்றால் பேனா இல்லாத விரல்கள் தொடையில் எழுதிக்கொண்டிருந்தன, புடவைமேல் சுட்டுவிரல் சுழித்து வளைந்து பதினோரு நிமிஷமும் ஓடியிருக்கிறது, அவளுக்கே கடைசியில்தான் தெரிந்தது. மூன்றாவதில் அங்கே பாடம் எடுக்கும் திவாகர் சார் சொன்னபடி செய்தாள். திவாகர் சாருக்கு இருபத்தாறு வயது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வழி உண்டு. "மேடம், முக்கியமானத மட்டும் சாதாரண எழுத்துல எழுதுங்க, அவ்வளவுதான், சிம்பிள்." சிம்பிளாம். முக்கியமானது எது என்று யார் சொல்வார்கள், முக்கியம் முக்கியமில்லை என்று பார்த்தா அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நாலு வந்தது.

எட்டு நிமிஷம் முப்பது. குளிர்சாதனம் நேராகப் பின்கழுத்தில் அடித்தது. இடப்பக்கத்துக்காரர் பேனாவை விரல்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தார், விழுந்தது, எடுத்தார், மறுபடி சுற்றினார், அவருக்கு ஒரு குழப்பமும் இருப்பதாகத் தெரியவில்லை, முக்கியமானதை மட்டும் எழுதத் தெரிந்த மனுஷர் போல. அவள் அப்படி இல்லை. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள், அர்த்தத்தப் புடிச்சீன்னா வார்த்த ஓடிப்போயிரும், வார்த்தயப் புடி, அர்த்தம் உன் வேலையில்ல. அவள் பிடித்தாள். நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை, ஜில்லாவிலேயே முதலாவது. காதில் விழுவது நேராகக் கைக்குப் போய்விடும், நடுவில் தலை என்று ஒன்று இருப்பதையே அது கண்டுகொள்ளாது. பஸ் நிலையத்து அறிவிப்பைக் கேட்டால் விரல் ஆடும், டிவி நாடகத்தில் மாமியார் கத்தினால் விரல் ஆடும். ஒருமுறை அவள் எழுதிக்கொள்ளத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீதிபதி ஐயாவுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது, அவர் எடுத்துப் பேசினார், வைத்தார், தீர்ப்பைத் தொடர்ந்தார். மறுநாள் திருத்தம் பார்க்க உட்கார்ந்தவர் பதினாலாம் பத்திக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வாதி தரப்புச் சான்றாவணம் மூன்றைப் பரிசீலிக்கும்போது, சாம்பாருக்கு முருங்கைக்காய் போடாதே, நாறிப்போய்விட்டது, எதிர்த்தரப்பின் வாதம் ஏற்கத்தக்கதல்ல. "ஏம்மா, இது சான்றாவணத்துல எங்க இருக்குது?" என்று கேட்டார். ஆபீஸே ஒரு மாசம் சிரித்தது, அவளும் கூடச் சிரித்தாள். எழுதினாள், தட்டச்சு செய்தாள், ஒப்பிட்டுப் பார்த்தாள், மூன்று முறை அந்த முருங்கைக்காய் அவள் கைவழியாகப் போயிருக்கிறது, ஒரு முறைகூட அவளுக்கு நாறவில்லை. வீட்டில் மோகனசுந்தரம், அவள் கணவன், இதைச் சொல்லித்தான் இன்றுவரை கேலி செய்கிறான், கேலி என்றும் சொல்ல முடியாது. போன வருஷம் எதற்கோ கோபப்பட்டு அரை மணி நேரம் பேசினான், பேசி முடித்துவிட்டு, "இப்ப நா என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்" என்றான். அவள் விரல் கடைசி வார்த்தையைத் தொடையில் முடித்துக்கொண்டிருந்தது. "கை மட்டும் ஆடுது. எங்கூடப் பேசறப்பவாச்சும் அந்த வெரல மடக்கி வெய்யி, கோதை." என்ன சொன்னான் என்று இன்றைக்கும் தெரியாது. முக்கியமாகத்தான் இருந்திருக்கும்.

ஏழு நாற்பது, இப்படியே போனால் நேரம் தீர்ந்துவிடும், முடிவெடு. எழுதினால் பக்கம் பக்கமாக வார்த்தை இருக்கும், படிக்க நேரம் இருக்காது. எழுதாவிட்டால் ஒன்றுமே இருக்காது. எழுதினால் மூன்று, எழுதாவிட்டால் ஐந்து, கணக்குப் பார்த்தால் எழுதாமல் இருப்பதுதான் மேல், ஆனால் ஐந்தும் தோல்விதானே, தோல்வியில் என்ன மேல் கீழ். ஒருவேளை இன்று வேகமாகப் பக்கம் புரட்ட முடியலாம். ஒருவேளை ஒவ்வொரு நிமிஷத்துக்கும் தாளின் ஓரத்தில் எண் போட்டு வைக்கலாம், முதல் நிமிஷத்தில் சொன்னது ஒன்று, இரண்டாவதில் சொன்னது இரண்டு, அப்போது தேடுவது சுலபம், இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை, மாதிரித் தேர்வில் தோன்றியிருந்தால் செய்து பார்த்திருக்கலாம், இப்போது தோன்றி என்ன பிரயோசனம். பேனாவை மூடினாள். திறந்தாள். அவள் மேல் அவளுக்கே எரிச்சல் வந்தது, ஒரு பேனாவை எடுக்கவா வேண்டாமா என்று இத்தனை நேரம் மல்லுக்கட்டுகிற பொம்பளை நாளைக்கு வக்கீலாகி யாருக்கு என்ன வாதாடிக் கிழிக்கப் போகிறாள். யாருக்கு என்று கேட்டதும் ருக்குமணியக்கா வந்துவிட்டாள். வராமல் இருக்க மாட்டாள் என்று தெரியும், காலையிலிருந்தே ஒதுக்கி ஒதுக்கி வைத்திருந்தாள், இந்த நேரம் பார்த்தா வர வேண்டும்.

ருக்குமணியக்கா இருப்பது பூங்கோதை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. கடைவீதியில் தையல் கடை, பூங்கோதையின் கல்யாண ரவிக்கையே அவள் தைத்ததுதான். கட்டடச் சொந்தக்காரர் காலிசெய்யச் சொல்லிப் போட்ட வழக்கு ஆறு வருஷம் நடந்தது, பூங்கோதை வேலை பார்த்த கோர்ட்டிலேயே. தீர்ப்பு வந்த நாள் சாயங்காலம் அக்கா பூங்கோதை வீட்டு வாசலில் வந்து நின்றாள், கழுத்தில் இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றவில்லை. "கோதை, ஐயா என்ன சொன்னாரு கண்ணு? வக்கீலு போனே எடுக்க மாட்டீங்கறாரு. நானு போறதுக்குள்ள கோர்ட்டே கலஞ்சு போச்சு." பூங்கோதை வாயைத் திறந்தாள். முந்தின நாள் தீர்ப்பைச் சொல்லச் சொல்ல எழுதியது அவள், காலையில் தட்டச்சு செய்தது அவள், மத்தியானம் ஐயா வாசித்தபோது ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்ததும் அவள். வாதி, பிரதிவாதி, மனுச்சொத்து, மேற்படி, இதெல்லாம் எங்கோ ஓடியது ஞாபகம் இருந்தது. அக்கா ஜெயித்தாளா தோற்றாளா என்று தெரியவில்லை. அப்படி ஒரு வெட்கத்தை அவள் அதற்குமுன் பட்டதில்லை, நின்ற இடத்தில் உடம்பெல்லாம் சுட்டது. அக்காவோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். "சொல்லக்கூடாதுன்னா வேண்டாங் கண்ணு. உன்ற வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்று அவளையே சமாதானப்படுத்திவிட்டுப் போனாள். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் கோர்ட்டுக்குப் போய், நோட்டைத் திறந்து, தன் கையெழுத்தைத் தானே படித்து, கடையை இரண்டு மாதத்துக்குள் காலிசெய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். அன்றைக்கு மத்தியானம்தான் அஞ்சல்வழி பி.ஏ. விண்ணப்பம் வாங்கினாள். பி.ஏ. முடித்துவிட்டுச் சட்டம் படிக்கணும் என்று சொன்னபோது வீட்டில், ஆபீசில், எல்லோரும் காரணம் கேட்டார்கள், பதவி உயர்வு வரும் என்றாள், வேறு என்னவோ சொன்னாள். காது கேட்காதவள் ஒருத்தி காது கேட்க வேண்டும் என்று புறப்பட்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது, சொன்னால் டாக்டரிடம் போ என்பார்கள்.

இரண்டு நிமிஷம். ஐயோ, எங்கே போயிற்று மற்றதெல்லாம். மேற்பார்வைக்கு வந்திருந்த அம்மாள், தேர்வு நடந்த அந்தக் கல்லூரியில் பாடம் எடுப்பவராக இருக்க வேண்டும், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், ஒவ்வொரு வரிசையாக வந்து, "ஹெட்போன் சரியா வெச்சுக்குங்க, பேச்சு ஒரு தடவதான் வரும், எழுதறவங்க எழுதிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். எழுதறவங்க எழுதிக்கலாம், மறுபடியும் அதே. பூங்கோதை ஹெட்போனைப் போட்டுக்கொண்டாள், யாரோ வைத்த தலையெண்ணெய் வாசம் அடித்தது. ஒரு நிமிஷம். எழுதிவிடலாம், எழுதுவதாவது தெரிந்த வேலை, தெரிந்த வேலையைச் செய்து தோற்றால் யாரும் குறை சொல்ல முடியாது. நாற்பது விநாடி. தாளை நேராக்கினாள், கை சரியான கோணத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, தோள் தளர்ந்தது, மூச்சுகூடச் சீரானது, பதினாறு வருஷமாக ஐயா தொண்டையைச் செருமும்போது வருகிற அதே அமைதி. அந்த அமைதி வந்ததும்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. இது தெரியும், இந்த அமைதிக்குப் பிறகு அவள் இருக்க மாட்டாள், பதினோரு நிமிஷம் கழித்துத்தான் திரும்பி வருவாள். எட்டு விநாடி இருக்கும்போது பேனாவைக் கீபோர்டுக்கு அந்தப்பக்கம் எறியாத குறையாகத் தள்ளினாள், வலதுகையைத் தொடைக்குக் கீழே கொடுத்து அதன்மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டாள். இனி ஆடு பார்ப்போம்.

ஒரு ஆண் குரல். வழவழவென்று, அவசரமே இல்லாத குரல். ஒரு வழக்கைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றது. வருஷம் சொன்னது, ஊர் சொன்னது, தொடைக்குக் கீழே விரல்கள் நெளிந்தன, நசுக்கினாள், வருஷம் போயிற்று. ஒரு பின்னலாடை நிறுவனம், அதில் பல காலம் வேலை செய்த ஒரு பெண், பெயர் சொன்னது, பெயரும் போயிற்று, ஐயோ இப்படியே ஒவ்வொன்றாகப் போகப்போகிறது, எழுதியிருக்கலாம், இப்போதுகூட எட்டி எடுக்கலாம், கை எங்கே, மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. ஒருநாள் மேலாளர் அறைக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். மேலாளர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், நான் என் சொந்த விருப்பத்தின்பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன், எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. கையெழுத்தும் போட்டாள். பிறகு, நான் எழுதியது என்னவென்று எனக்குத் தெரியாது என்று வழக்குப் போட்டாள். குரல் இந்த இடத்தில் இலேசாகச் சிரித்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர், தம் சொந்தக் கையால், முழு வாக்கியமாக எழுதியதை, அறியாமல் எழுதினேன் என்று சொல்வதை எப்படி ஏற்பது. எழுதும்போதே பொருள் மனத்தில் பதிந்துவிடும் அல்லவா.

"பதியாதுங்க" என்றாள் பூங்கோதை.

ஹெட்போன் போட்டிருந்ததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. இடப்பக்கத்துக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார், மேற்பார்வை அம்மாள் தூரத்திலிருந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். வெட்கப்பட நேரமில்லை. பதியாது, யார் உனக்குச் சொன்னது பதியும் என்று, நீ யார் சொல்லியாவது எழுதியிருக்கிறாயா, மேலாளர் எதிரில் உட்கார்ந்து சொல்லும்போது அடுத்த வார்த்தை எப்போது வரும் என்றுதான் கை காத்திருக்கும், விலகுகிறேன் என்று எழுதி முடித்துவிட்டு அடுத்த வார்த்தைக்குத்தான் காத்திருக்கும், வேலை போனது அதற்குத் தெரியாது. முருங்கைக்காயை நான் எழுதவில்லையா. நான் எழுதப் படிக்கத் தெரியாதவளா. உன்னைக் கூண்டில் ஏற்றி நாலு கேள்வி கேட்டால் இந்தச் சிரிப்பு எங்கே போகும் என்று பார்க்கலாம். அவளுக்குக் காது மடல் வரை சூடாகிவிட்டது, இந்த மாதிரிக் கோபம் எந்தக் குரல்மீதும் வந்ததில்லை, எத்தனை வக்கீல்கள் எத்தனை பொய்யை அவள் கண்முன்னாலேயே அளந்திருக்கிறார்கள், ஒருவர்மீதுகூட வந்ததில்லை, கேட்டிருந்தால்தானே வரும். குரல் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது காரணம் என்றது. இரண்டாவது எங்கே. அவள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது இரண்டாவது காரணம் வந்து, ஆளைப் பார்த்துவிட்டுப் போய்விட்டிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைக் கேட்டாள், அதுவும் தப்பு, பாதி தப்பு, நான்காவதில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததும் கடுப்பாக இருந்தது. எதிர்வாதம் ஒன்றை அவரே சொல்லி அவரே உடைத்தார், சரியாக உடைபடவில்லை, ஒரு ஓரம் நின்றது, அந்த ஓரத்தை அவள் பார்த்துவிட்டாள், அவர் பார்க்கவில்லை. பேச்சு நின்றது. அதற்குள்ளா என்று இருந்தது.

கையை வெளியே எடுத்தால் கை அவளுடையதாகவே இல்லை, எறும்பு ஊர்ந்தது, மவுஸைப் பிடிக்க முடியாமல் இடதுகையால் பிடித்தாள். முதல் கேள்வி, வழக்கு எந்த வருஷத்தியது. தெரியாது. எதையோ அழுத்தினாள். இரண்டாவது, அந்தப் பெண் வேலை பார்த்தது எத்தனை வருஷம். தெரியாது, கை சும்மா விட்டிருந்தால் தெரிந்திருக்கும், முதல் தாளிலேயே மூன்றாவது வரியில் இருந்திருக்கும், மறுபடி எதையோ அழுத்தினாள். மூன்றாவது, பேச்சாளரின் வாதம் எந்த ஊகத்தின்மீது நிற்கிறது. நாலு விடையையும் படித்து முடிப்பதற்கு முன்பே இரண்டாவதை அழுத்திவிட்டாள். அடுத்தது இரண்டாவது காரணம் பற்றி, போகட்டும். அதற்கடுத்தது அவர் பதில் சொல்லாமல் விட்ட எதிர்வாதம் எது, அந்த ஓரம், அதேதான், இருந்தது. பதினைந்து முடிந்தபோது எண்ணிப் பார்த்தாள். நிச்சயமாகத் தெரிந்தது எட்டு. பாதி தெரிந்தது மூன்று. மிச்சம் நாலும் குருட்டாம்போக்கு. எட்டும் மூன்றில் இரண்டும் சேர்ந்தால் பத்து, ஒன்று சறுக்கினால் ஒன்பது, ஒன்பது வந்தால் எல்லாம் போச்சு, வழக்கு வருஷமும் வேலை பார்த்த வருஷமும் எழுதியிருந்தால் இந்த இழவே வேண்டாம், இரண்டு வார்த்தை, இரண்டே இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு நிறுத்தக்கூடத் துப்பில்லாத கை. மறுபடி எண்ணினாள். அதே எட்டு.

நன்றி என்று திரை சொல்லிவிட்டு அணைந்தது. மேற்பார்வை அம்மாள் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார், இடப்பக்கத்துக்காரர் இரண்டு தாள் நிறைய எழுதி அம்புக்குறியெல்லாம் போட்டிருந்தார், நல்ல அழகான எழுத்து. பூங்கோதையின் நாலு தாளையும் அந்த அம்மாள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் பார்த்தார், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். இரக்கப்பட்டது தெரிந்தது.

"ஒண்ணுமே எழுதலீங்களா? எழுதிக்கலாம்னு சொன்னனுங்களே."

"தெரியுமுங்க" என்றாள் பூங்கோதை. "கேட்டுட்டு இருந்தேன்."